மைய வாடியும் மையவாடியும்

நிருபர் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களில் ஒருவர் போன கிழமை என்னைத் தொலைபேசியில் அழைத்து, "சேர், ஒரு செய்தி உண்மையா பொய்யா எண்டு பார்க்க நல்ல ஆப் ஒண்டு இருந்தாச் சொல்லுங்களேன்" என்று கேட்டார். "மோட்டார் சைக்கிள்" என்றேன். அவர் சிரித்தார். நான் பகிடிக்குச் சொல்லவில்லை.

கல்முனையில் பிரதேச நிருபராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். வயலுக்குத் தண்ணீர் வராதது, மாநகர சபைக் கூட்டம் குழம்பியது, காற்றில் வள்ளம் திசை மாறியது, இவற்றை எழுதியே வயது போயிற்று. செய்தி எழுதுவது எப்படி என்று சொல்லித்தர இப்போது பல இடங்களில் வகுப்பு நடக்கிறது. அதை நான் சொல்லப் போவதில்லை. ஓய்வு பெறுவதற்குச் சற்று முன் நடந்த ஒன்றை மட்டும் சொல்கிறேன். அதில் வீரம் எதுவும் இல்லை. எரிச்சல் நிறைய இருக்கிறது. இன்னும் ஆறவில்லை.

ஊருக்கு மேற்கே, வீடுகள் முடிந்து வயல் தொடங்கும் இடத்தில், ஒரு தோட்டக்கலை நிலையம் திறந்திருந்தார்கள். திறப்பு விழாவன்று நான் ஊரில் இல்லை. போன நிருபர்கள் எல்லாரும் மேடைப் பேச்சுகளை எழுதினார்கள். யார் எந்தக் கதிரையில் இருந்தார், யாருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள் என்பதெல்லாம் செய்தியில் வந்தது. உள்ளே என்ன மரம் நிற்கிறது என்று ஒருவரும் எழுதவில்லை. தோட்டத்தைத் திறந்தது செய்தி. தோட்டம் செய்தி இல்லை. இந்த வியாதி உங்களுக்கும் தொற்றியிருக்கிறது என்று கேள்விப்படுகிறேன்.

சனங்கள் போனார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் போனார்கள். பெருநாள் விடுமுறையில் வான் பிடித்து அட்டாளைச்சேனையிலிருந்தும் வந்தார்கள். பார்க்க வேண்டிய இடம்தான். கடற்கரைத் தோட்டம் என்று ஒரு பகுதி. அதில் அடம்பன் கொடியும் தாழையும், சீமெந்துத் தொட்டியில் கண்டல் கன்றுகளும். வயல் தோட்டம் என்று இன்னொன்று. அதில் பாய் அளவுப் பாத்திகளில் பழைய நெல்லினங்கள். குர்ஆனில் வரும் கனிகளுக்கென்று தனியே ஒரு தோட்டம்: அத்தி, மாதுளை, பேரீச்சை, ஸைத்தூன் என்ற ஒலிவ். ஸைத்தூன் கன்று விளக்குமாற்றின் உயரத்தில்தான் நின்றது. ஆனாலும் அதற்குப் பக்கத்தில் நின்று படம் எடுக்காமல் ஒரு பெண்ணும் வீட்டுக்குப் போகவில்லை.

நடுவில் இரண்டு கண்ணாடி வீடுகள். பெரியதில் ஓர்க்கிட், சின்னதில் அந்தூரியம். கண்ணாடி வீட்டைப் பற்றி எங்கள் ஊராரின் கருத்து ஒரே கருத்துத்தான்: "இஞ்ச அடிக்கிற வெயில் காணாதெண்டா கண்ணாடியும் போட்டு வச்சிரிக்காங்க?" உள்ளே தண்ணீர்ப் புகையடித்து, கூரை ஜன்னல்களைத் திறந்து, வெளியை விடக் குளிராக வைத்திருக்கிறார்கள் என்று சொன்னாலும் நம்பமாட்டார்கள். உள்ளே போய் வந்த பிறகும் சிலர் நம்பவில்லை.

பொறுப்பதிகாரி சுகந்தி. யாழ்ப்பாணத்துப் பிள்ளை. முப்பது வயது தாண்டியிருக்காது. மருதமுனையிலிருந்து காரைதீவு வரை, பூச்செடி வளர்த்து விற்க விரும்பிய பெண்களுக்கு ஆளுக்குச் சில கன்றுகள் இலவசமாகத் தருவதாக அவர் சொல்லியிருந்தார். அந்தக் கன்றுகள்தான் கண்ணாடி வீடுகளில் தட்டுத் தட்டாக நின்றன. கொடுக்க வேண்டிய நாள் கிட்டி வந்துவிட்டது. வேலைக்கு வந்த நாளிலிருந்து அவர் கையால் வளர்ந்தவை அவை. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நான் சொல்லப்போகும் காலையில் அங்கே நின்றவர்களில் இதை மனதில் வைத்திருந்தவர் அவர் ஒருவர்தான்.

அது வெள்ளிக்கிழமை. காலைத் தேநீர் ஆறுவதற்குள் என் தொலைபேசிக்கு ஒரே படம் பல பேரிடமிருந்து வந்தது. படத்தில் மண் மேடுகள் ஆறு. ஒவ்வொன்றும் ஒரு ஆள் நீளம். ஒவ்வொன்றின் இரண்டு முனைகளிலும் வெள்ளைக் கட்டைகள் நட்டிருந்தன. மேலே பச்சைத் தென்னோலைகள் சாய்த்துக் குத்தியிருந்தன. பின்னால் ஒரு பெயர்ப்பலகை. பலகையில் 'மைய வாடி' என்று எழுதியிருந்தது.

வெளியூர்க்காரர் யாராவது இதைப் படிக்கக்கூடும் என்பதால் சொல்கிறேன். மையித்து என்றால் பிரேதம். எங்கள் ஊர்களில் மையவாடி என்றால் மையித்தை அடக்கும் இடம். புதுக் கபுறு என்றால் மண் மேடு, தலைமாட்டிலும் கால்மாட்டிலும் மீசான் கட்டை, மேலே ஒரு பச்சைக் கொப்பு. அந்தப் படத்தைப் பார்க்கிற எங்கள் ஊர்ப் பிள்ளை ஒன்றுக்கு வேறொன்றும் தோன்றாது. எனக்கும் தோன்றவில்லை.

படத்துக்குக் கீழே ரிஸ்வி எழுதியிருந்தார்: 'தோட்டத்துக்குள் மையவாடி! இரவோடிரவாக அடக்கப்பட்ட ஆறு ஜனாஸாக்கள் யாருடையவை?' ரிஸ்வி முகநூலில் ஒரு செய்திப் பக்கம் நடத்துகிறவர். கெட்டிக்காரர். எங்கே எது நடந்தாலும் நமக்கு முன்னால் நிற்பார். நின்றுகொண்டு நடக்காததையும் சொல்வார். கொரோனாவில் இறந்த எங்கள் ஆட்களின் ஜனாஸாக்களைக் கேட்டுக் கேள்வியில்லாமல் எரித்த காலம் போய் அப்போது அதிக நாள் ஆகியிருக்கவில்லை. மையித்து விஷயத்தில் இந்தக் கரையோரம் சும்மா இருக்காது என்பது அவருக்கு நன்றாகத் தெரியும்.

கொழும்பிலிருந்து செய்தி மேசைத் தம்பி அழைத்தார். அவருக்கு நான் நானா, அதாவது அண்ணன்.

"நானா, எல்லாரும் போட்டாச்சு. நாங்க மட்டும்தான் இல்ல. நாலு வரி தாங்க, படத்தை இங்க எடுத்துக்கொள்றோம்."

"நான் இன்னும் பார்க்கல்ல தம்பி."

"படம் வரல்லியா உங்களுக்கு?"

"படத்தைப் பார்த்தன். இடத்தைப் பார்க்கல்ல."

"அப்ப 'எனக் கூறப்படுகிறது' எண்டு முடிப்போம் நானா."

'எனக் கூறப்படுகிறது' என்ற இரண்டு சொற்களால் இந்த நாட்டில் எத்தனை கடை எரிந்திருக்கிறது என்று யாராவது ஆராய்ந்தால் நல்லது. யார் கூறினார், எங்கே நின்று கூறினார், அவர் கண்ணால் கண்டாரா, இதெல்லாம் கேட்க வேண்டிய தொல்லை இல்லை. வாக்கியத்தின் கடைசியில் ஒட்டிவிட்டால் நம் கை சுத்தம். நான் தொலைபேசியை வைத்துவிட்டு மோட்டார் சைக்கிளை எடுத்தேன்.

நிலையத்தின் வாசலில் ஐம்பது அறுபது பேர் நின்றார்கள். கேற்றில் அவர்களே கொண்டு வந்த சங்கிலி, அவர்களே போட்ட பூட்டு. காவலாளியை வெளியே கூட்டி வந்து வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். பொலிஸ் ஜீப் ஒன்று நின்றது. உள்ளே இருந்த இருவரும் மேலிடத்து உத்தரவுக்குக் காத்திருந்தார்கள். ரிஸ்வி கைத்தொலைபேசியைக் கோலில் மாட்டி நேரலையில் பேசிக்கொண்டிருந்தார். வேலிக் கம்பிக்கு ஊடாக மேடுகளும் பலகையும் தெளிவாகத் தெரிந்தன. வயதான ஒருவர் வேலியோரம் நின்று, மையவாடியைக் கடக்கும்போது சொல்லும் ஸலாத்தை அந்த மேடுகளுக்குச் சொல்லிக் கையேந்தி நின்றார். அவரைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் நடிக்கவில்லை.

சுகந்தி வீதிக்கு மறுபக்கம், வேலையாட்கள் இருவருடன் நின்றார். காலை வேலைக்கு வந்தவர்கள், உள்ளே போக விடவில்லை. என் கையில் குறிப்புப் புத்தகத்தைக் கண்டதும் ஓடி வந்தார்.

"அண்ணை, நீங்கள் பேப்பரோ? இவையளுக்கு ஒருக்காச் சொல்லுங்கோ. கேற்றை எவ்வளவு நேரமும் பூட்டி வைச்சிருக்கட்டும். என்னை ஒராளை மட்டும் உள்ளுக்கு விடச் சொல்லுங்கோ. நேற்று காத்தடிச்சதெண்டு கூரை ஜன்னலெல்லாம் பூட்டிப்போட்டுப் போனனாங்கள். இன்னும் திறக்கேல்லை. வெயில் ஏறுது. எல்லாம் அவிஞ்சு போயிடும்."

அவர் சொன்னது எனக்கு உடனே விளங்கவில்லை. எனக்கு வேறு கேள்வி இருந்தது. "தங்கச்சி, அந்தப் பலகையில இருக்கிற பேரை ஆர் வச்சது?"

"நான்தான். ஏன்?" அவருக்கு என் மேல் கோபம் வந்தது. கன்று சாகும் நேரத்தில் பெயரைக் கேட்கிறேன் என்ற கோபம். "சனம் வெயிலுக்கு இருக்க மூண்டு கொட்டில் போட்டனாங்கள். கரைவலைக்காரர் போடுற வாடி மாதிரி, ஓலையால. கடல் தோட்டத்துக்குப் பக்கத்தில இருக்கிறது கடல் வாடி. வயலுக்குப் பக்கத்தில வயல் வாடி. நடுவில கண்ணாடி வீட்டுக்குப் பக்கத்தில மைய வாடி."

வேலையாட்களில் ஒருவர் ஜெமீல். உள்ளூர்க்காரர். அவர் நிலத்தைப் பார்த்தார்.

"இந்த ஊரில மையவாடி எண்டா என்னெண்டு தெரியுமா?" என்றேன்.

"வாடி எண்டாக் கொட்டில்தானே?"

"மையித்து அடக்கிற இடம், தங்கச்சி."

அவர் வாயைக் கையால் மூடினார். பிறகு மெல்ல, "நாங்கள் சவக்காலை எண்டெல்லோ சொல்லுறது..." என்றார். சட்டென்று ஜெமீல் பக்கம் திரும்பினார். "ஜெமீல், நான் ஒவ்வொரு நாளும் சொல்லுவன், 'நான் மைய வாடியில இருந்து சாப்பிடப் போறன், தேவையெண்டா அங்க வாங்கோ' எண்டு. நீங்கள் எல்லாரும் சிரிப்பியள். இதுக்கோ சிரிச்சனீங்கள்?"

ஜெமீல் தலையைச் சொறிந்தார்.

"அண்டைக்கு அந்த வயசுபோன அம்மாவுக்கு, 'களைச்சிருந்தா மைய வாடியில போய்ப் படுங்கோ' எண்டு சொன்னனான். நீங்கள் என்ன சொன்னனீங்கள்?"

"கடைசியா எல்லாரும் அங்கதானே மிஸ் போய்ப் படுக்கணும் எண்டு..." என்றார் ஜெமீல்.

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"மிஸ் கோவிப்பீங்க எண்டு நெனச்சம். அதோட..." அவர் உண்மையைச் சொல்லிவிட்டார். "கேட்க நல்லாவும் இருந்திச்சி மிஸ்."

இளைய நண்பர்களே, நான் சொல்ல வந்த எரிச்சல் இங்கேதான் தொடங்குகிறது. அந்தப் பலகை வேலிக்கு வெளியிலிருந்தே தெரிந்தது. ஆயிரம் பேர் பார்த்திருப்பார்கள். எங்கள் ஊரார் ஒவ்வொருவரும் வாசித்துச் சிரித்து, வீட்டுக்குப் போய் மனைவிக்குச் சொல்லி அங்கேயும் சிரித்திருக்கிறார்கள். பலகையை மாற்றக்கூடிய ஒரே ஆளுக்கு மட்டும் ஒருவரும் சொல்லவில்லை. ஊர் முழுவதற்கும் தெரிந்த ஒரு விஷயம், தெரிய வேண்டிய ஆளுக்குத் தெரியாமல் கிடக்கும். நம் வேலையில் நீங்கள் காணப்போகும் அனர்த்தங்களில் பாதி இப்படித்தான் வரும். சதி தேடி அலைவீர்கள். அங்கே சதி இருக்காது, ஒரு நல்ல பகிடி இருக்கும்.

"அந்த மண் மேடு?" என்று கேட்டேன்.

"நாற்று மேடை அண்ணை. வெயில் படாமல் ஓலை குத்தினனாங்கள். கட்டையில விதையின்ரை பேர் எழுதிக் கிடக்கு. கிட்டப் போனால் வாசிக்கலாம்."

எனக்குச் செய்தி கிடைத்துவிட்டது. கொழும்புக்கு அழைத்துச் சொல்லியிருக்கலாம். ஆனால் சுகந்தி கண்ணாடி வீட்டுக் கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். வெயில் அதன் ஒரு பக்கத்தில் ஏறி மின்னத் தொடங்கியிருந்தது. அப்போதுதான் அவர் முதலில் சொன்னது எனக்கு விளங்கிற்று. பூட்டிய கண்ணாடிக்குள் கன்றுகள் வேகின்றன.

கூட்டத்தின் முன்னால் நின்றவர் பள்ளிவாசல் நம்பிக்கையாளர் சபைத் தலைவர் ஆதம்பாவா ஹாஜியார். நிதானமான மனிதர். கூட்டத்தை அழைத்து வந்தவர் அவரல்ல. கூட்டம் அவரை இழுத்து வந்திருந்தது. அவரிடம் போய்ச் சொன்னேன். மைய என்றால் நடு, வாடி என்றால் கொட்டில், யாழ்ப்பாணத்துப் பிள்ளைக்கு நம்மட சொல் தெரியாது என்றேன். சொல்லும்போது எனக்குச் சிரிப்பு எட்டிப்பார்த்தது. அது பிழை. தங்கள் மையித்துக்காகப் பயந்து நிற்கும் மனிதர்களிடம் சிரித்த முகத்துடன் விளக்கம் சொல்லப் போகாதீர்கள். விளக்கம் சரியாக இருந்தால் இன்னும் மோசம்.

"என்ன காக்கா, காலையிலேயே கவனிச்சிட்டாங்களா?" என்று ரிஸ்வி, அண்ணன் முறை வைத்தே, கோலை என் முகத்துக்குத் திருப்பினார். "நேயர்களே, நம்மட மூத்த நிருபர் ஒராள் வந்து சொல்றார், இது சும்மா கொட்டிலாம்!"

"பலகை பிழையா இரிக்கலாம் தம்பி," என்றார் ஹாஜியார் என்னிடம். "கட்டையும் பிழையா? மேடும் பிழையா?"

"அது நாற்று மேடை ஹாஜியார். அந்தா பாருங்க, மேடு கிழக்கு மேற்காக் கிடக்கு. கால் கடலுக்கு, தலை வயலுக்கு. இப்பிடி ஆரும் கபுறு வெட்டுவாங்களா? கிப்லாவுக்கு முகம் எப்பிடித் திரும்பும்?"

மையித்தின் முகம் மக்கா இருக்கும் மேற்குப் பக்கம் திரும்ப வேண்டும் என்பதால் எங்கள் கபுறுகள் வடக்குத் தெற்காகத்தான் கிடக்கும். என் கண்ணைப் பற்றி எனக்கே கொஞ்சம் பெருமையாக இருந்தது. கூட்டத்திலும் சிலர் எட்டிப் பார்த்துத் தலையாட்டினார்கள். ரிஸ்விக்கு அரை மூச்சுக்கூடத் தேவைப்படவில்லை. "நம்மட ஆக்கள் அடக்கினாத்தானே காக்கா கிப்லா பார்ப்பாங்க? களவா அடக்கினவனுக்குக் கிப்லா தெரியுமா?"

கூட்டம் அவர் பக்கம் போயிற்று. உங்களுக்கு எச்சரிக்கையாகச் சொல்கிறேன்: வதந்திக்கு எதிராக நீங்கள் கொண்டுபோகும் ஒவ்வொரு ஆதாரத்தையும் அது தின்றுவிட்டு இன்னும் கொஞ்சம் கொழுக்கும்.

"அப்ப ஒரு மேட்டை வெட்டிப் பார்ப்பமே," என்று பொலிஸ் ஜீப்பிலிருந்து ஒரு குரல் வந்தது. அவ்வளவு நேரமும் பேசாமல் இருந்தவர் அந்த நேரம் பார்த்துத்தான் வாயைத் திறந்தார்.

கூட்டம் கொதித்தது. "கபுறைத் தோண்டுறதா? ஆர்ரா அவன் சொன்னது?" ஹாஜியாரும் கையை உயர்த்திவிட்டார். "தோண்டக் கூடாது. மையித்து இரிந்தா அதை நோவினை செஞ்ச பாவம் ஆருக்கு?"

நிலைமையைப் பாருங்கள். கபுறு இல்லை என்று காட்ட வேண்டுமானால் தோண்ட வேண்டும். கபுறாக இருந்தால் தோண்டக் கூடாது. கபுறு இல்லை என்று தெரியும் வரை அது கபுறாக இருக்கலாம். ஆகவே தோண்டவே முடியாது. ஆகவே கேற்றைத் திறக்கவும் முடியாது. அங்கே நின்ற ஒருவரும் முட்டாள் அல்ல. ஒவ்வொருவர் சொன்னதும் சரிதான். எல்லாச் சரியையும் கூட்டினால் ஒரு பூட்டிய கேற்றும் வேகும் கன்றுகளும் மிஞ்சின.

சுகந்தி கூட்டத்துக்குள் வந்து ஹாஜியாருக்கு முன்னால் நின்றார். "ஐயா, உங்கட பள்ளிக்குப் பக்கத்து வீடுகளில இருக்கிற பொம்பிளையளுக்குத்தான் அந்தக் கன்று. எனக்கு இல்லை. கொஞ்சம் தண்ணி அடிக்க விடுங்கோ. தண்ணி மட்டும்."

"உள்ளுக்குப் போனா எல்லாத்தையும் மூடி மறைச்சிருவாங்க ஹாஜியார்!" என்றார் ரிஸ்வி.

நிருபர் சம்பவத்துக்குள் இறங்கக்கூடாது, ஓரமாக நின்று பார்க்க வேண்டும் என்று எனக்குத் தொழில் பழக்கிய செய்தி ஆசிரியர் சொல்வார். கேள்வி கேட்பது மட்டும்தான் உன் வேலை என்பார். எத்தனையோ முறை அவர் சொன்னதை நினைத்து எரிச்சல்பட்டிருக்கிறேன். பக்கத்தில் வீடு எரியும்போதும் கேள்வியா என்று. அன்று அந்த வேலையை மட்டும் செய்தேன். இதுவரை நான் ஹாஜியாருக்குப் பதில்களாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். கேட்கவே இல்லை. 'தண்ணி மட்டும்' என்ற சொல்தான் எனக்குக் கேள்வியைத் தந்தது.

"ஹாஜியார், மார்க்க விஷயம் ஒண்டு கேட்கணும். புதுக் கபுறுக்குத் தண்ணி தெளிக்கலாமா?"

"என்ன கேள்வி இது? அடக்கின கையோட தெளிக்கிறதுதானே. நல்ல விஷயம்."

"நாற்று மேடைக்கு?"

"நாற்று மேடைக்குத் தண்ணி ஊத்தாம..." அவர் நிறுத்தினார். என்னைப் பார்த்தார். மேடுகளைப் பார்த்தார். தாடிக்குள் விரல் போனது. பிறகு தனக்குத்தானே சொல்வது போலச் சொன்னார்: "கபுறெண்டாலும் தண்ணி ஊத்தலாம். மேடையெண்டாலும் தண்ணி ஊத்தலாம். எப்பிடிப் பார்த்தாலும் ஊத்தலாம்." குரலை உயர்த்தினார். "ஆர்ட்டடா திறப்பு?"

"ஹாஜியார்..." என்று ரிஸ்வி இழுத்தார்.

"சும்மா இரிடா. தண்ணி ஊத்துறதுக்கு உனக்கு என்ன ஆட்சேபணை? நானே போய் ஊத்துறன். நீயும் வா, உன்ட கோலையும் கொண்டு வா."

திறப்பு உடனே கிடைக்கவில்லை. பூட்டுப் போட்ட பையன் திறப்போடு தேநீர் குடிக்கப் போயிருந்தான். அவனைத் தேடி ஒருவர் போனார். அவரைத் தேடி இன்னொருவர் போனார். இந்தப் பகுதியை எப்போது நினைத்தாலும் என் பல் கடிபடுகிறது. ஒரு வாக்கியத்தால் தீர்ந்த விஷயம், ஒரு பையனின் தேநீருக்காக வெயிலில் காத்து நின்றது.

கேற் திறந்ததும் கூட்டம் மேடுகளுக்குப் போனது. சுகந்தியும் ஜெமீலும் மற்ற வேலையாளும் கண்ணாடி வீடுகளை நோக்கி ஓடினார்கள். நான் முதலில் கூட்டத்தோடு போனேன், வேலை அதுதான்.

ஹாஜியார் பூவாளியைக் கையில் எடுத்தார். பிஸ்மி சொன்னார். ஓலை தண்ணீரைத் தடுத்தது. ஓலையை மெல்ல விலக்கினார். கீழே வரிசை வரிசையாக, விரல் உயரத்தில், பச்சை நாற்று. குனிந்து ஒரு இலையை விரலில் உரசி மோந்து பார்த்தார். கட்டையில் எழுதியிருந்ததை வாசித்தார். நிமிர்ந்தார்.

"கொச்சிக்கா," என்றார். மிளகாய்.

அடுத்த மேட்டின் ஓலையை இன்னொருவர் விலக்கினார். "இதுவும் கொச்சிக்கா!"

"கத்தரி!" என்று மூன்றாவது மேட்டிலிருந்து குரல் வந்தது.

சிரிப்புக் கிளம்பியது. காலையிலிருந்து அடைத்து நின்ற பயமெல்லாம் சிரிப்பாக வெளியே வந்தது. ஸலாம் சொன்ன முதியவர்தான் எல்லாரையும் விடச் சத்தமாகச் சிரித்தார். ரிஸ்வியும் சிரித்தார், ஆனால் கோலை இறக்கவில்லை. எல்லாம் சுமுகமாக முடிந்தது என்று நீங்கள் இந்த இடத்தில் செய்தியை முடிப்பீர்கள். அன்று மற்றவர்கள் அப்படித்தான் முடித்தார்கள். கொச்சிக்காய் நாற்றோடு.

நான் கண்ணாடி வீட்டுக்குப் போனேன். பெரிய வீட்டின் கதவைத் திறந்ததும் சோற்றுப் பானையின் மூடியைத் தூக்கியது போல் ஆவி முகத்தில் அடித்தது. ஓர்க்கிட் கன்றுகள் அவித்த கீரை போலத் தட்டில் படுத்துக் கிடந்தன. சுகந்தி அவற்றைத் தொடவில்லை. ஒரு முறை பார்த்துவிட்டுச் சின்ன வீட்டுக்குப் போய்விட்டார். அங்கே அந்தூரியம் தொங்கிப் போயிருந்தது, ஆனால் இன்னும் பச்சையாக இருந்தது.

"வெளியில கொண்டு வாங்கோ! நிழலுக்குக் கொண்டு வாங்கோ! கெதியா!"

ஹாஜியார் வந்து எட்டிப் பார்த்தார். திரும்பிக் கூட்டத்தைக் கூப்பிட்டார். ஜும்ஆத் தொழுகைக்காக வெள்ளை உடுத்து வந்தவர்கள், சட்டைக் கையை மடித்துக்கொண்டு தட்டுகளைத் தூக்கினார்கள். எங்கே வைப்பது என்று தெரியாமல் ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டார்கள். சுகந்தி வாசலில் நின்று பழக்க தோஷத்தில் கத்தினார்: "உயிர் இருக்கிறதெல்லாம் மைய வாடிக்குக் கொண்டு போங்கோ!"

எல்லாரும் ஒரு கணம் நின்றார்கள். பிறகு தட்டுகள் கையில் ஆடும் அளவுக்குச் சிரித்தார்கள். "மௌத்தானது எங்க மிஸ் போறது?" என்று யாரோ கேட்டார். சுகந்தி சிரிக்கவில்லை. அடுத்த தட்டைத் தூக்கினார். அதன் பிறகு அவர்களும் சிரிப்பதை நிறுத்திவிட்டு வேகமாகத் தூக்கினார்கள்.

அந்த ஓலைக் கொட்டிலின் நிலம் முழுவதும் தட்டுகள். ஜெமீல் அவற்றுக்கு மேல் தண்ணீரைப் பனிபோல் அடித்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தை ஒருவரும் பார்க்கவில்லை, நான் பார்த்தேன். அவர் அன்றைக்கு வேறு பகிடி எதுவும் விடவில்லை.

"எவ்வளவு மிஞ்சும் மகள்?" என்று ஹாஜியார் கேட்டார்.

"இப்ப சொல்லேலாது ஐயா. இலை போனாலும் வேர் இருக்கலாம். ஒரு கிழமை போகோணும். அடியில இருந்து துளிர் வந்தால்தான் பிழைச்சது." அவர் என் பக்கம் திரும்பினார். "அதுக்கு முந்தி நீங்களும் ஒண்டும் எழுதிப் போடாதேங்கோ அண்ணை. செத்துப் போச்செண்டும் எழுதாதேங்கோ, தப்பிட்டுதெண்டும் எழுதாதேங்கோ. எனக்கே தெரியாது."

செய்தி மேசைத் தம்பி மறுபடியும் அழைத்தார். நடந்ததைச் சொன்னேன்.

"அப்ப மையவாடி இல்லையா?"

"இல்லை."

"அடச்சே," என்றார். பிறகு, "சேதம் எவ்வளவு நானா? தொகை ஒண்டு வேணும்."

"ஒரு கிழமை கழிச்சுச் சொல்றன்."

"ஒரு கிழமைக்குப் பிறகு அதை ஆர் நானா கேட்கப் போறா?"

அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. கொச்சிக்காய்க் கதை மறுநாள் எங்கள் பத்திரிகையில் உள்பக்கத்தில் வந்தது. ரிஸ்வி தன் பழைய பதிவை அழிக்கவில்லை. தலைப்பை மட்டும் 'மையவாடி சர்ச்சை: நடந்தது என்ன?' என்று மாற்றினார். அதற்கு இன்னும் கூடப் பேர் வந்தார்கள். ஆறு மேடுகளின் படம் இன்றைக்கும் வேறு வேறு ஊர்ப் பெயரோடு சுற்றுகிறது. போன மாதம்கூட ஒருவர் எனக்கு அனுப்பி, "பார்த்தீங்களா அநியாயத்தை?" என்று கேட்டிருந்தார்.

ஒரு கிழமை கழித்து நான் நிலையத்துக்குப் போனேன். என்னைத் தவிர நிருபர் ஒருவரும் வரவில்லை. பெரிய கண்ணாடி வீட்டுத் தட்டுகளைக் கழுவி வெயிலில் கவிழ்த்து வைத்திருந்தார்கள். அதில் ஒன்றும் மிஞ்சவில்லை. சுகந்தி என்னைச் சின்ன வீட்டுக்கு அழைத்துப் போய் ஒரு தட்டைக் கையில் எடுத்தார். கருகிய இலைகளை வெட்டி எடுத்திருந்தார். தண்டின் அடியில், பல கன்றுகளில், உள்ளங்கை நிறத்தில் சுருண்ட துளிர் ஒன்று நின்றது. சிலவற்றில் இல்லை. ஆளுக்குச் சில என்று சொன்னதை ஆளுக்கு ஒன்றாக்கி எல்லாப் பெண்களுக்கும் கொடுக்கப் போவதாகச் சொன்னார். அன்றைக்குக் கேற்றில் நின்றவர்களின் வீடுகளுக்குமா என்று நான் கேட்டேன். "கன்றுக்கு அது தெரியுமோ?" என்றார்.

பிறகு தட்டை என் கண்ணுக்குக் கிட்டே பிடித்தார்.

"இப்ப எழுதுங்கோ அண்ணை."

அன்றைக்கே எழுதி அனுப்பினேன். இடமில்லை என்றார்கள்.